பென்னிகுயிக் ஆரம்பிச்சு வச்ச ப்ராசஸ்

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட் டெமோ. ரூபியில எழுதின எங்க ஆப், லேப் சர்வர்ல நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு. டெமோவுக்குக் கால் மணி நேரம் முன்னாடி நான் டெர்மினலை மூடினேன். சர்வரும் சேர்ந்து படுத்துருச்சு. காரணம் சின்னதுதான். அந்த ப்ராசஸை நான் டெர்மினலோட கட்டிப்போட்டு ஓடவிட்டிருந்தேன். டெர்மினல் மூடும்போது ஹேங்-அப் சிக்னல் போகும். அதைக் கவனிக்க நாம எதுவும் எழுதலைன்னா ப்ராசஸ் கதை அங்கேயே முடிஞ்சிடும்.

அன்னைக்குச் சாயங்காலம் பழனிசெட்டிபட்டி தடுப்பணைப் பக்கம் போய் உட்கார்ந்தேன். முல்லைப் பெரியாறு பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. லோயர் கேம்ப்ல இருந்து நம்ம பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்தத் தண்ணியில விளையுது. 1895-ல ஆரம்பிச்ச ஓட்டம் இது. ஆரம்பிச்சவர் பேரைத் தேனி பஸ் ஸ்டாண்டுல தினமும் பார்க்குறோம். ஒரு இன்ஜினியரா அவரை நாம படிச்சிருக்கோமா நண்பர்களே?

ஜான் பென்னிகுயிக் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். எட்டாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, சிலியன்வாலா போரில் அவருடைய அப்பாவும் அண்ணனும் ஒரே நாளில் இறந்துபோனார்கள். பென்னிகுயிக் இங்கிலாந்தில் அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியில் படித்து, 1860-ல் பொறியாளராக இந்தியா வந்தார்.

மேற்கே ஓடிக் கடலில் சேரும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை அவருடையது இல்லை. ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே அதை யோசித்திருந்தார். 1808-ல் ஆய்வு செய்த கேப்டன் கால்டுவெல், இது ஆகாத காரியம் என்று எழுதிவிட்டார். பிறகு வந்தது 1876-78 தாது வருஷப் பஞ்சம். ஃபைலில் தூங்கிய திட்டத்தைத் திருத்தி மதிப்பீடு போடும் வேலை 1882-ல் பென்னிகுயிக் கைக்கு வந்தது. 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருடக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது.

1887-ல் வேலை தொடங்கியது. சிமெண்ட் இல்லை, கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். அஸ்திவாரம் போட ஆற்றை ஒதுக்க வேண்டும். ஒதுக்குவதற்குக் கட்டிய தற்காலிக அணைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மறுபடி கட்டினார்கள், மறுபடி போனது. மலேரியாவிலும் மற்ற நோய்களிலும் நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் செத்தார்கள். நம்ம சர்வர் கிராஷ் ஆனால் ரீஸ்டார்ட் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறோம். அங்கே ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் உயிர் விலை இருந்தது.

1895 அக்டோபரில் திறப்பு விழா. மலையைக் குடைந்த ஏறத்தாழ 5,700 அடி நீளச் சுரங்கம் வழியே தண்ணீர் கிழக்கே இறங்கியது. மழை அதிகமானால் மிச்சத் தண்ணீர் அணைக்கு மேலே ஏறாமல் பக்கவாட்டில் வழிந்து பழைய பெரியாற்றுக்கே போய்விடும். வாங்க முடியாத அளவுக்கு லோடு வந்தால் என்ன செய்வது என்பதையும் டிசைனிலேயே யோசித்திருந்தார்கள்.

அடுத்த வருடமே பென்னிகுயிக் இங்கிலாந்துக்குப் போய் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவரானார். 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் இறந்தார். இங்கே தண்ணீர் நிற்கவில்லை.

ரூபியில் 'ப்ராசஸ்.டீமன்' செய்வதும் இதைத்தான். ஒரு பிள்ளை ப்ராசஸை ஃபோர்க் செய்து, டெர்மினலோடு உள்ள தொடர்பை அறுத்துவிட்டு, அப்பா ப்ராசஸ் வெளியேறிவிடும். பிள்ளை தனியாக ஓடும். ஆனால் டீமனாக்கிவிட்டால் மட்டும் போதாது, யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

1979-ல் குஜராத்தில் மோர்வி அணை உடைந்தது. அந்த நேரத்தில் முல்லைப் பெரியாறு பற்றியும் கேரளத்தில் பயம் எழுந்தது. அதற்காக அணையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவில்லை. நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கி வைத்துக்கொண்டு, மேலே கான்கிரீட் தொப்பி போட்டு, கேபிள் செருகி, பின்பக்கம் கான்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். பாசனம் தொடர்ந்து நடந்தது. பூமா சர்வரில் ஃபேஸ்டு ரீஸ்டார்ட் கொடுத்தால், ஒரு வொர்க்கரை மாற்றும்போது மற்ற வொர்க்கர்கள் ரிக்வஸ்டைக் கவனித்துக்கொள்ளும் இல்லையா? அந்த மாதிரி. 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று சொல்லி, கண்காணிக்க ஒரு குழுவையும் போட்டது. பாதுகாப்பு பற்றிய வாதம் இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் இன்னும் ஓயவில்லை. ஓடுகிற ஒன்றை ஓடுகிறதே என்று யாரும் அப்படியே விட்டுவிட முடியாது.

பென்னிகுயிக் சொத்தை வித்து அணை கட்டினார்னு நம்ம ஊர்ல சின்னப் பிள்ளைகூட சொல்லும். அணை கட்டினது சென்னை மாகாண அரசுப் பணத்துல. அந்தக் கதை நம்ம ஜனங்க நன்றியில விளைஞ்சது. எனக்கு அந்தக் கதை இல்லாமலே அவரைப் பிடிக்குது. தான் இல்லாதப்பவும் ஓடணும், அடுத்தவங்க கையில போனாலும் ரிப்பேர் பார்க்க முடியணும்னு கட்டியிருக்கார்.

எங்க ப்ராஜெக்டை இப்போ சிஸ்டம்டி பார்த்துக்குது. செத்தா அதுவே எழுப்பிவிடும். டெர்ம் சிக்னல் வந்தா, கையில இருக்கிற ரிக்வஸ்டை முடிச்சுட்டுத்தான் நிற்கும். அவசரத்துக்கு 'கில் மைனஸ் 9' அடிக்கிறதை விட்டுட்டோம். அதை எந்த ப்ராசஸாலும் பிடிக்க முடியாது, பாதி வேலை பாதியிலேயே போயிடும். எப்படி ஆரம்பிக்கணும், எப்படி நிறுத்தணும், லாக் எங்கே இருக்குன்னு ஒரு பக்கம் எழுதியும் வச்சாச்சு. அடுத்த வருஷம் நாங்க பாஸ் அவுட். சர்வர் ஜூனியர்ஸ் கையில இருக்கும்.