இரண்டு காட்சிகளை ஒரு கண்ணில் சேர்த்தவர்: விஞ்ஞானி எர்ன்ஸ்ட் அபே

மூக்குக்கண்ணாடி போல மாட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. அதை அணிந்தவருக்கு எதிரே உள்ள தெரு, ஆட்கள், வண்டிகள் எல்லாம் வழக்கம்போலத் தெரியும். அதே சமயம், அந்தக் காட்சியின் மேலேயே எழுத்தும் படமும் மிதப்பது போலவும் தெரியும். கண் ஒன்று, காட்சி இரண்டு.

ஒன்றை ஒன்று மறைக்காமல் இரண்டையும் கண்ணுக்குள் கொண்டு சேர்ப்பது சுலபமான காரியம் அல்ல. இதற்கான அடிப்படைப் பாடங்களை நூறு ஆண்டுகளுக்கு முன்பே கற்றுத் தந்தவர்களில் ஒருவர் ஜெர்மன் விஞ்ஞானி எர்ன்ஸ்ட் அபே. அவர் ஒரு நூற்பாலைத் தொழிலாளியின் மகன். சட்டம் வருவதற்கு 18 ஆண்டுகள் முன்பே தொழிலாளர்களுக்கு 8 மணி நேர வேலையைக் கொடுத்த நிர்வாகியும் அவரே.

நின்றபடி சாப்பிட்ட தந்தை

அபே 1840-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி ஜெர்மனியில் உள்ள ஐஸனாக் நகரில் பிறந்தார். தந்தைக்கு நூற்பாலையில் வேலை. சாதாரண நாட்களில் காலை 5 மணிக்குத் தொடங்கினால் இரவு 7 மணி வரை 14 மணி நேரம். வியாபாரம் சூடு பிடித்துவிட்டால் 16 மணி நேரம். சாப்பாட்டுக்கு இடைவேளை கிடையாது.

மதியச் சாப்பாட்டைச் சிறுவன் அபேயோ அவனுடைய தங்கையோ ஆலைக்கு எடுத்துச் செல்வார்கள். இயந்திரத்தில் சாய்ந்து நின்றபடியோ, ஒரு பெட்டியின் மீது குந்தியபடியோ தந்தை அவசர அவசரமாகச் சாப்பிடுவார். காலிப் பாத்திரத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, உடனே வேலைக்குத் திரும்பிவிடுவார். நல்ல திடகாத்திரமான மனிதர். ஆனாலும் 48 வயதிலேயே கிழவர் போல ஆகிவிட்டார். இந்தக் காட்சியை அபே கடைசி வரை மறக்கவில்லை.

பையன் படிப்பில் கெட்டிக்காரனாக இருந்தான். ஆலை முதலாளியின் உதவி கிடைத்ததால் உயர்நிலைப் பள்ளிக்குப் போக முடிந்தது. 1857-ல் யேனா நகரப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். பிறகு கோட்டிங்கன் சென்று 1861-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1863-ல் யேனாவுக்கே ஆசிரியராகத் திரும்பினார்.

பட்டறையில் ஒரு கணக்கு வாத்தியார்

அந்த ஊரில் கார்ல் ஸைஸ் என்பவர் 1846-ல் பட்டறை தொடங்கி மைக்ராஸ்கோப் செய்து விற்று வந்தார். அக்காலத்தில் லென்ஸ் செய்வது கைப்பழக்கத்தைப் பொறுத்தது. தேய்ப்பார்கள், பொருத்துவார்கள், பார்ப்பார்கள். சரியில்லை என்றால் வேறு லென்ஸை மாற்றிப் போடுவார்கள். ஒரு மைக்ராஸ்கோப் நன்றாக அமையும்; அடுத்தது அமையாது. காரணம் யாருக்கும் தெரியாது.

கணக்குப் போட்டு முன்கூட்டியே அளவு சொல்ல முடியாதா என்று ஸைஸ் யோசித்தார். 1866-ல் அபேயை அழைத்து அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்.

முதல் முயற்சி தோல்வி. குறைகள் குறையும் என்று எண்ணி, லென்ஸுக்குள் நுழையும் ஒளிக்கூம்பைக் குறுகலாக வைத்துக் கணக்கிட்டார் அபே. கணக்கில் தவறு இல்லை. ஆனால் கைப்பழக்கத்தில் செய்த பழைய லென்ஸ் காட்டிய நுணுக்கங்களைப் புதிய லென்ஸ் காட்டவில்லை!

ஏன் என்று ஆராய்ந்தபோதுதான் பெரிய உண்மை புலப்பட்டது. மிக நுண்ணிய கோடுகளில் படும் ஒளி நேராகப் போவதில்லை. பக்கவாட்டில் விரிந்து சிதறுகிறது. அப்படி விரிந்த கதிர்களையும் லென்ஸ் பிடித்தால்தான் நுணுக்கம் தெரியும். வாய் குறுகிய லென்ஸ் அவற்றைத் தவற விட்டுவிடுகிறது. இந்தத் தத்துவத்தை 1873-ல் அபே வெளியிட்டார். சாதாரண மைக்ராஸ்கோப்பில் எவ்வளவு நுணுக்கம் பார்க்க முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் காட்டினார். ஒளி அலையின் நீளத்தில் ஏறக்குறையப் பாதி. அதாவது ஒரு மில்லிமீட்டரை 5,000 கூறு போட்டால் அதில் ஒரு கூறு.

அதற்குள் ஸைஸ் பட்டறையின் மைக்ராஸ்கோப்புகள் எல்லாம் அபேயின் கணக்குப்படியே தயாராகத் தொடங்கியிருந்தன. காசநோய்க் கிருமியை 1882-ல் உலகுக்கு அறிவித்த ராபர்ட் காக் பயன்படுத்தியவை ஸைஸ் பட்டறையின் கருவிகளே.

பேனா முனையும் கிருமியும்

மைக்ராஸ்கோப்பில் கண்டதைப் படம் வரைந்து வைப்பது அன்றைய டாக்டர்களுக்கு அன்றாட வேலை. கருவியில் பார்ப்பதும், தலையைத் திருப்பிக் காகிதத்தில் வரைவதுமாக இருந்தால் அளவு மாறிப் போகும். இதற்காக அபே ஒரு சிறு கருவி அமைத்தார்.

இரண்டு பட்டகக் கண்ணாடிகளை ஒட்டிய ஒரு சின்னக் கனசதுரம். ஒட்டிய முகத்தில் வெள்ளிப் பூச்சு. பூச்சின் நடுவில் மட்டும் ஒரு சிறு துவாரம். இதை மைக்ராஸ்கோப்பின் மேல் வைத்தால், கிருமியின் உருவம் துவாரத்தின் வழியே நேராகக் கண்ணுக்கு வரும். பக்கத்தில் நீட்டியிருக்கும் ஒரு கண்ணாடி, மேஜை மேல் உள்ள காகிதத்தின் உருவத்தைக் கனசதுரத்துக்கு அனுப்பும். துவாரத்தைச் சுற்றியுள்ள வெள்ளி அதைத் திருப்பி அதே கண்ணுக்குள் விடும். பார்ப்பவருக்குக் கிருமியின் ஓரத்திலேயே தம் பென்சில் முனை நடப்பது தெரியும். கோட்டைத் தொடர்ந்து இழுத்தால் படம் தயார்.

இதில் மூன்று சிக்கல்கள் உண்டு. முதலாவது வெளிச்சம். காகிதம் பளிச்சென்று இருந்தால் கிருமி மறையும். கிருமி பளிச்சென்று இருந்தால் பென்சில் மறையும். அதற்காகக் கருவியில் புகை நிறக் கண்ணாடித் துண்டுகள் வைத்து, இரண்டு பக்கத்தையும் சமப்படுத்தினார்கள். இரண்டாவது தூரம். இரண்டு காட்சியும் ஒரே தூரத்தில் இருப்பதாகத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் கண் ஒன்றைப் பிடித்து மற்றதை விட்டுவிடும். மூன்றாவது கண்ணின் இடம். கண் சற்று நகர்ந்தாலும் ஒரு காட்சி போய்விடும்.

இன்று கம்ப்யூட்டர் கண்ணாடி செய்யும் பொறியாளர்கள் மல்லாடுவதும் இதே மூன்று சிக்கல்களோடுதான்.

1968-ல் அமெரிக்காவில் ஐவன் சதர்லண்டு என்பவர் தலையில் மாட்டும் முதல் கம்ப்யூட்டர் காட்சிக் கருவிகளில் ஒன்றைச் செய்தபோது, பாதி ஒளியைத் திருப்பி, பாதியை உள்ளே விடும் கண்ணாடியைப் பயன்படுத்தினார். கண்ணுக்கு மிக அருகில் உள்ள சிறு திரையைக் கண்ணால் நேராகப் பார்க்க முடியாது. எனவே படம் தொலைவில் இருப்பது போலத் தோன்றும்படி இடையில் லென்ஸ் வைக்க வேண்டும். வெயிலில் போனால் படம் வெளிறிப் போகும். திரைக்கு அதிக ஒளி ஒதுக்கினால் தெரு இருட்டாகும். ஒரு பக்கம் கொடுத்தால் மறு பக்கம் குறையும்.

மெல்லிய புதுக் கண்ணாடிகள் பலவற்றில் ஒளி கண்ணாடிக்குள்ளேயே மோதி மோதி ஓடி, நுண்ணிய வரிகளின் மேல் பட்டு விரிந்து கண்ணுக்கு வருகிறது. நுண்ணிய கோட்டில் ஒளி விரியும் அந்த விஷயத்தைத்தான் அபே 1873-ல் ஆராய்ந்தார். நிறங்களைச் சிதற விடாத நல்ல கண்ணாடி எது என்று சொல்லும் அளவுக்கும் அபே எண் என்றே பெயர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வாங்கும்போதும் இந்த எண் உதவும். எண் கூடினால் நிறச் சிதறல் குறைவு.

நல்ல லென்ஸுக்கு நல்ல கண்ணாடியும் வேண்டும் என்று கண்ட அபே, கண்ணாடி ரசாயன நிபுணர் ஓட்டோ ஷாட்டோடு சேர்ந்து 1884-ல் யேனாவில் கண்ணாடித் தொழிற்சாலையும் தொடங்கினார். 1886-ல் வந்த அதன் முதல் பட்டியலில் 44 வகைக் கண்ணாடிகள் இருந்தன.

சொத்தை எழுதிக் கொடுத்தார்

அபே 1876-ல் கம்பெனியில் பங்குதாரர் ஆனார். 1888-ல் ஸைஸ் காலமானார். இப்போது அபே பெரும் பணக்காரர். ஆனால் அந்தச் செல்வம் தமக்கு மட்டும் உரியது அல்ல என்று கருதினார். பல்கலைக் கழகத்தின் அறிவும் நூற்றுக்கணக்கான தொழிலாளரின் உழைப்பும் சேர்ந்து வந்த லாபம் அது என்பது அவர் கணக்கு.

1889-ல் நண்பரின் பெயரால் கார்ல் ஸைஸ் அறநிலையத்தை நிறுவினார். 1891-ல் தம் பங்கு முழுவதையும் அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சம்பளம் வாங்கும் நிர்வாகியாகத் தொடர்ந்தார்.

1896-ல் வந்த விதிகள் அந்தக் காலத்தில் பலரைத் திகைக்க வைத்தன. லாபத்தில் பங்கு, பென்ஷன், சம்பளத்தோடு விடுமுறை, தவறு இல்லாமல் வேலை போனால் நஷ்ட ஈடு. ஆள் எடுக்கும்போது மதம், பிறப்பு, கட்சி பார்க்கக் கூடாது. மேலதிகாரியின் சம்பளம் தொழிலாளியின் சராசரிச் சம்பளத்தைப் போல 10 மடங்குக்கு மேல் போகக் கூடாது. இவை தர்மமாகக் கொடுக்கப்படுபவை அல்ல, உரிமைகள் என்பதற்காகவே விதியாக எழுதி வைத்தார்.

8 மணி நேரம்

தொழிற்சாலையில் 1891 முதல் 9 மணி நேர வேலை நடந்து வந்தது. 1900 ஏப்ரல் 1-ந் தேதி அதை 8 மணி நேரமாக்கினார் அபே. உற்பத்தி குறையும் என்று பலரும் நினைத்தார்கள். அபே விஞ்ஞானி ஆயிற்றே, கணக்கு எடுத்தார். பீஸ் ரேட்டில் வேலை செய்த 233 தொழிலாளரின் ஓராண்டு வேலையை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டார். நஷ்டம் வராமல் இருக்க ஒரு மணி நேர வேலை 12½ சதவிகிதம் கூட வேண்டும். கூடியதோ சுமார் 16 சதவிகிதம்! களைப்பு தீர ஓய்வு கிடைத்தால் கை வேகமாக ஓடும் என்பதை எண்களால் நிரூபித்துவிட்டார். ஜெர்மனி முழுவதற்கும் 8 மணி நேர வேலை வந்தது 1918-ல்தான்.

பிறருக்கு ஓய்வு வாங்கித் தந்தவர் தமக்கு ஓய்வு கொடுத்துக்கொள்ளவில்லை. ஓயாத உழைப்பில் உடல் கெட்டது, தூக்கமின்மை வாட்டியது. 1903-ல் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகினார். 1905 ஜனவரி 14-ந் தேதி யேனாவில் காலமானார். இன்னும் 9 நாட்கள் இருந்திருந்தால் 65 வயது நிறைந்திருக்கும்.

யேனாவில் உள்ள அவரது நினைவுச் சின்னம் ஒன்றில், மைக்ராஸ்கோப்பின் எல்லையைச் சொல்லும் அவருடைய சூத்திரத்தைப் பொறித்திருக்கிறார்கள். தொழிலாளிக்காக அவர் போட்ட இன்னொரு கணக்கு கல்லில் இல்லை. மாலை மணி அடித்ததும் வீடு திரும்பி, பிள்ளைகளோடு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்ட யேனா தொழிலாளர்கள் அதை அனுபவித்து அறிந்தார்கள்.