மண்ணில் மருந்து தேடிய சுப்பாராவ்

செஞ்சிக் கோட்டையைச் சுற்றிப் பாறையும் புதருமாகக் கிடப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். இப்படிப்பட்ட புதர்களில் கண்ணுக்கே தெரியாத சிறு உண்ணிகள் உண்டு. கடித்தால் கடுங்காய்ச்சல் வரும். கடித்த இடம் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்துப் போகும். விழுப்புரம் மாவட்டத்திலும் காணப்படும் இந்த உண்ணிக் காய்ச்சலைக் கவனியாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

இதற்குப் பென்சிலின் பலிக்காது. டாக்டர்கள் தருவது டாக்சிசைக்ளின். அந்த மாத்திரையின் வம்சத்தைத் தேடிப் போனால், சென்னையில் படித்த ஒரு மனிதரிடம் போய் நிற்கலாம். அவர்தான் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி ஆந்திராவில் பீமாவரத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்றார்! மூன்றாவது முறை சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். பிறகு மருத்துவக் கல்லூரி. காந்திஜியின் சொல்லைக் கேட்டுக் கதர் அங்கியோடு ஆபரேஷன் அறைக்குள் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம் வந்தது. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது.

பின்னர் அமெரிக்கா சென்றார். ஹார்வர்டில் படித்துக் கொண்டே, செலவுக்காக ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தார். நோயாளிகளின் மலச்சட்டிகளைச் சுமந்த அந்தக் கை, பின்னால் மருத்துவ உலகமே வியக்கும் காரியங்களைச் செய்தது.

1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்து, ஆராய்ச்சிக்குத் தலைவரானார். பென்சிலினுக்கு மசியாத கிருமிகளை என்ன செய்வது? மண்ணில் தேடலாம் என்று முடிவாயிற்று. கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற, எழுபது வயது கடந்த தாவர நிபுணர் பெஞ்சமின் டுக்கரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. கிழவருக்கு என்ன வேலை என்று யாரும் ஒதுக்கவில்லை. பல இடத்து மண்ணைச் சோதித்தார் டுக்கர். மிசௌரி வயல் மண்ணில், தங்க நிறத்தில் வளரும் ஒரு நுண்ணுயிர் அகப்பட்டது. அதிலிருந்து வந்ததே ஆரியோமைசின்.

கோட்டை கண்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பென்சிலின், கிருமியின் மதிலை இடிக்கும். உண்ணிக் காய்ச்சல் கிருமியோ மதிலை நம்பி வாழ்வதில்லை. நம் உயிரணுக்களுக்குள்ளேயே ஒளிந்து கொள்கிறது. ஆரியோமைசின் அங்கேயும் நுழைந்து, கிருமியின் அடுப்பை அணைக்கிறது. அதாவது, அது புரதம் செய்ய முடியாமல் தடுக்கிறது. டாக்சிசைக்ளினும் அதே குடும்பம், வேலையும் அதே.

ஆரியோமைசின் 1948 ஜூலையில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில், தூக்கத்திலேயே சுப்பாராவ் காலமானார். வயது 53. கப்பலேறிய நாள் முதல் அவர் ஊர் திரும்பவே இல்லை. மனைவி சேஷகிரி இங்கேயே இருந்தார். அவர் கப்பலேறிய பின் பிறந்த ஒரே மகனும், தந்தை முகம் காணாமல் குழந்தையிலேயே இறந்து போனான்.