தாருல் இஸ்லாம் தந்த பா. தாவூத் ஷா

தமிழ் முஸ்லிம்களின் இதழியல் வரலாற்றைப் பேசும்போது தவிர்க்க முடியாத பெயர் பா. தாவூத் ஷா. 1885-ல் தஞ்சை மாவட்டம் கீழ்மாந்தூரில் பிறந்தார். பின்னர் குடும்பம் கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலில் குடியேறியது. முஸ்லிம்களில் ஆங்கிலக் கல்வி கற்றவர்கள் மிகக் குறைவாக இருந்த காலத்தில் பி.ஏ. பட்டம் பெற்று, அரசுப் பணியில் சேர்ந்து சப் மாஜிஸ்திரேட் ஆனார்.

சம்பளமும் செல்வாக்கும் உள்ள அந்தப் பதவியை, கிலாஃபத்தும் ஒத்துழையாமை இயக்கமும் நாட்டைக் கலக்கிய 1921-ல் ராஜினாமா செய்தார். அடுத்து இங்கிலாந்து சென்று, வோக்கிங் நகரில் 1889-ல் கட்டப்பட்ட ஷாஜஹான் பள்ளிவாசலை மையமாகக் கொண்டிருந்த முஸ்லிம் மிஷனில் பணியாற்றினார். திரும்பி வந்தவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரே வேலைக்குக் கொடுத்தார். அதுதான் 'தாருல் இஸ்லாம்' இதழ்.

அன்றைய நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். மார்க்க நூல்களில் பல அரபுத் தமிழில் இருந்தன. தமிழ் எழுத்தில் வந்தவையும் அரபுச் சொற்கள் மலிந்து, சாதாரண வாசகருக்கு எட்டாமல் நின்றன. தாவூத் ஷா பிழையற்ற, தெளிவான தமிழில் எழுதினார். கம்பராமாயணத்தில் அவருக்கிருந்த புலமையால் 'இராமாயண சாயபு' என்றே அழைக்கப்பட்டார். மார்க்க விளக்கம், இஸ்லாமிய வரலாறு, அரசியல், சிறுகதை, தொடர்கதை எல்லாம் ஒரே இதழில் இடம்பெற்றன. வீட்டிலிருந்த பெண்களும் வாசிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. வோக்கிங் மிஷனை நிறுவிய காஜா கமாலுத்தீன் லாகூர் அஹ்மதி அணியைச் சேர்ந்தவர் என்பதால், அந்தத் தொடர்பு கடைசிவரை விமர்சிக்கப்பட்டது. ஜும்ஆ குத்பா மக்களுக்குப் புரியும் மொழியில் அமைய வேண்டும் என்றும், மார்க்கத்தின் பெயரால் நடந்த மூடப்பழக்கங்கள் ஒழிய வேண்டும் என்றும் அவர் எழுதியதை உலமாக்களில் பலர் ஏற்கவில்லை. அவருடைய கருத்துகள் எல்லாவற்றையும் இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கருத்து வேறுபாட்டை அச்சில் வைத்து, வாசகர் முன் வாதிடலாம் என்ற பழக்கத்தை நம் சமுதாயத்தில் வளர்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓர் இதழை நடத்துவது எளிதல்ல. காகிதம், அச்சுக்கூலி, வராத சந்தா எனச் சுமைகள் ஒவ்வொரு மாதமும் புதிதாக வந்து நிற்கும். எவ்வளவு பேர் பெற்ற இதழும் அடுத்த இதழ் வராவிட்டால் அத்துடன் முடிந்தது. அதனிடையேதான் திருக்குர்ஆனுக்குத் தமிழில் விரிவுரையும் பல நூல்களும் எழுதினார். அவர் மகன் என்.பி. அப்துல் ஜப்பாரும் எழுத்தாளரானார்.

1969-ல் தாவூத் ஷா மறைந்தார். தாருல் இஸ்லாம் அதற்கு முன்பே நின்றுவிட்டது. நம் வீட்டுப் பரண்களிலும் ஊர் நூலகங்களிலும் அதன் பழைய தொகுதிகள் இருந்தால், பழைய பேப்பர் கடைக்குப் போகுமுன் அவற்றைப் பாதுகாப்போம். இன்று சிரமத்துடன் வந்துகொண்டிருக்கும் சமுதாய இதழ்களுக்குச் சந்தா செலுத்துவதும் அவருக்குச் செய்யும் மரியாதைதான்.