மின்சாரத்தைச் சேமித்த மேதை காஸ்டன் பிளாண்டே



எடிசன், பாரடே, வோல்டா என்றால் நமக்கெல்லாம் தெரியும். காஸ்டன் பிளாண்டே என்றால்? பேட்டரி பாடத்தில் பிளாண்டே தகடு என்று இரண்டு வரி வரும். இரண்டு மார்க் கேள்விக்காக நானும் மனப்பாடம் செய்ததோடு சரி. அது ஒரு மனிதரின் பெயர், அவருக்கும் ஒரு வாழ்க்கை இருந்தது என்று நான் யோசித்துப் பார்க்க ஒரு பேட்டரி காரும் ஒரு கெட்ட பெயரும் தேவைப்பட்டன.

தொழிற்பயிற்சிக்கு நான் போன இடத்தில் பெரியவர்களை ஏற்றிச் செல்லும் பேட்டரி கார் ஒன்று இருந்தது. வண்டலூர் பூங்காவில் பார்த்திருப்பீர்களே, கோல்ஃப் மைதானத்து வண்டி மாதிரி. 6 வோல்ட் பேட்டரி எட்டு. மொத்தம் 48 வோல்ட். கோடையில் இரண்டு மாதம் அந்த வளாகத்தை மூடினார்கள். நான் வண்டியை முழுசாகச் சார்ஜ் செய்து, ஹைட்ரோமீட்டரில் ஒப்படர்த்தி 1.270 வந்ததைப் பார்த்து, நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுச் சேத்துப்பட்டுக்கு வந்துவிட்டேன். திரும்பிப் போனால் வண்டி ஓர் அடி நகரவில்லை. பையன் சார்ஜே போடாமல் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறான் என்று பேச்சு. சான்றிதழ் கிடைக்குமா என்பதே சந்தேகமாகிவிட்டது. ஓடாத வண்டியில் சார்ஜ் எங்கே போகும்? எனக்கே பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் போனபோதுதான் பிளாண்டே கிடைத்தார்.

அவர் 1834 ஏப்ரல் 22 அன்று பிரான்சின் தென்மேற்கில் ஒர்தேஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். நம்ம ஊர் மாதா கோயிலுக்குப் பெயர் தந்த லூர்து நகரமும் அந்தப் பக்கம்தான். தம்பி பிரான்சிஸ் பியானோ வாசிப்பில் பெரும்புகழ் பெற்றவர். அண்ணனுக்கோ விஞ்ஞானத்தில் ஆசை. 1854-ல் பாரிஸில் எட்மண்ட் பெக்கெரல் என்ற இயற்பியலாரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே பாரிஸ் அருகில் மியூடான் என்ற இடத்தில், பூண்டோடு அற்றுப்போன ஒரு ராட்சதப் பறவையின் எலும்பைக் கண்டெடுத்தார். அந்தப் பறவைக்கு அவர் பெயரையே சேர்த்து காஸ்டோர்னிஸ் என்று பெயர் வைத்தார்கள். வயது இருபத்தொன்றுதான்!

1859-ல் தான் அந்தப் பெரிய கண்டுபிடிப்பு. அமிலத்தில் இரண்டு உலோகத் தகடுகளை வைத்து மின்சாரம் செலுத்தி, பிறகு நிறுத்தினால், சிறிது நேரம் எதிர்த்திசையில் மின்சாரம் திரும்பி வரும். இது முன்பே தெரிந்த விஷயம். பலரும் இதை ஒரு தொந்தரவாகவே பார்த்தார்கள். திரும்பி வருவதைச் சேமிப்பாக்க முடியாதா என்று பார்த்தவர் பிளாண்டே. பல உலோகங்களைச் சோதித்ததில் ஈயம்தான் அதிகமாகவும் அதிக நேரமும் திருப்பித் தந்தது. இரண்டு நீண்ட ஈயத் தகடுகளுக்கு நடுவே ஒன்றோடொன்று தொடாதபடி தடுப்பு வைத்து, தறியில் நெய்த சேலையை மரத்தில் சுருட்டுவது போலச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் இறக்கினார். 1860-ல் இப்படி ஒன்பது கலங்களை பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். மறுபடி மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய முதல் பேட்டரி அதுதான். அந்தக் காலத்திலேயே, தொழிலாளர்களுக்குப் பாடம் சொல்லித்தர பாரிஸில் இயங்கிய ஒரு சங்கத்தில் அவர் இயற்பியல் ஆசிரியரானார். அந்தச் சங்கத்தின் பெயரிலும் பாலிடெக்னிக் உண்டு, நண்பர்களே!

ஆனால் புதுத் தகடு கொஞ்சம்தான் மின்சாரம் வாங்கும். சார்ஜ், டிஸ்சார்ஜ், திசை மாற்றிச் சார்ஜ் என்று திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நடுவே சும்மா ஓய்வில் விடவும் வேண்டும். ஓய்வை நாட்கணக்கில், வாரக்கணக்கில் நீட்டிப் பார்த்தார், கொள்ளளவு கூடியது. தகடு தயாராக மாதக்கணக்கில் ஆகும். நம் வீட்டில் பட்டு நெய்கிறவர்களுக்குத்தான் அந்தப் பொறுமை புரியும்.

ஓய்வில் அப்படி என்ன நடந்தது? 1880-களில் கிளாட்ஸ்டன், டிரைப் என்ற இருவர் விளக்கம் தந்தார்கள். நேர்த்தகட்டின் மேலே ஈய டை ஆக்சைடு, அடியில் வெறும் ஈயம், இரண்டையும் நனைத்தபடி அமிலம். வெளியே வயரே இல்லாமல் உள்ளுக்குள்ளேயே குட்டிக் குட்டியாகக் குறுக்குச் சுற்று! சார்ஜ் தானாகக் கரைந்து இரண்டும் ஈய சல்பேட்டாகும். மறுபடி சார்ஜ் செய்தால் முன்னைவிடத் தடிமனான படலம் கிடைக்கும். அதாவது என் வண்டியைச் சாகடித்த அதே விஷயம்தான் பிளாண்டேயின் தகட்டை வளர்த்திருக்கிறது. அவரிடம் இருந்தது கனமான ஈயத் தகடு. ஓய்வுக்குப் பின் திரும்பச் சார்ஜும் செய்தார். நம் வண்டியில் இருப்பது பசை பூசிய தகடு. நான் திரும்பச் சார்ஜ் செய்யவில்லை. அதுதான் வித்தியாசம்.

அந்தப் பசை பூசும் முறையை 1881 வாக்கில் கொண்டு வந்தவர் காமில் ஃபோர். மாதக்கணக்கான வேலை நாட்கணக்கானது. பிளாண்டேக்கு இருந்த இன்னொரு தடையும் அதற்குள் நீங்கியிருந்தது. ஆரம்பத்தில் அவர் சார்ஜ் செய்ததே சாதாரண ரசாயனக் கலங்களை வைத்துத்தான், செலவு அதிகம். 1870-களில் கிராம் என்பவரின் டைனமோ வந்த பிறகே பேட்டரிக்கு வேலை பெருகியது. 1881-ல் குஸ்தாவ் த்ரூவே பாரிஸ் தெருவில் மின்சார மூன்று சக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். பிளாண்டேயோ நூற்றுக்கணக்கான கலங்களை இணைத்து மின்னலைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். 1889 மே 21 அன்று, பறவை எலும்பு கிடைத்த அதே மியூடானில் காலமானார். வயது 55. பத்தே ஆண்டில், 1899-ல், முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய கார் ஈய அமில பேட்டரியில் ஓடியது. பார்க்க அவர் இல்லை.

இனி என் கதை. இந்த வகை பேட்டரி சும்மா நின்றாலே மாதம் 5 முதல் 15 சதவீதம் வரை இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நம்ம ஊர் வெயிலைச் சொல்ல வேண்டுமா? போதாக்குறைக்கு மெயின் சுவிட்ச் ஆனிலேயே இருந்ததால் கன்ட்ரோலரும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சியிருக்கிறது. காலியாகக் கிடந்தால் சல்பேட் படிகம் கெட்டிப்படும். பிறகு சார்ஜ் ஏறாது. இதையெல்லாம் எழுதிக்கொண்டுபோய் மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். சார்ஜ் போட்டது உண்மை சார், சுவிட்சை அணைக்காததும் மாதம் ஒருமுறை சார்ஜ் போடச் சொல்லாமல் வந்ததும் என் தப்பு என்றும் சொன்னேன். எட்டில் ஆறு தேறியது, இரண்டு போய்விட்டது. சான்றிதழ் கிடைத்தது.

வண்டியை நிறுத்தும்போது முழுசாகச் சார்ஜ் போடுங்கள், மெயின் சுவிட்சை அணையுங்கள், மேல்புறத்தைத் துடைத்து உலர வையுங்கள், மாதாமாதம் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். சும்மா இருக்கிறதே என்று எந்த பேட்டரியையும் நம்பி விட்டுவிடாதீர்கள். அது சும்மா இருப்பதே இல்லை!

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை)