4,000 பெண்களிடம் கேள்வி... மாறிப்போன கிச்சன்! யார் இந்த லில்லியன் கில்பிரெத்?

காலால் மிதித்தால் திறக்கும் குப்பைத் தொட்டி, ஃப்ரிட்ஜ் கதவின் உள்பக்கத் தட்டுகள். நாம தினமும் பயன்படுத்தும் இந்த இரண்டையும் அமெரிக்கப் பொறியாளர் லில்லியன் கில்பிரெத்தின் பெயரோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். 12 குழந்தைகளுக்குத் தாயான இவர் இந்தத் துறைக்கு வந்ததே ஒரு நெருக்கடியில்தான்.

திடீர்னு வந்த இடி

1878-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்தார் லில்லியன். 1904-ல் ஃபிராங்க் கில்பிரெத்துடன் திருமணம். தொழிலாளர்கள் வேலை செய்வதைப் படம்பிடித்து, வீண் அசைவுகளைக் குறைக்க வழி சொல்வதுதான் இருவரின் தொழில்.

1924 ஜூனில் ஃபிராங்க் மாரடைப்பால் இறந்தார். ஒரு மகளை டிஃப்தீரியா ஏற்கெனவே பறித்திருந்தது. மீதமிருந்த 11 பிள்ளைகளையும் லில்லியன் தனியாகக் காப்பாற்ற வேண்டிய நிலை. முனைவர் பட்டம் இருந்தும், பெண் என்பதால் பல நிறுவனங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அப்போதான் பெண்கள் வாங்கும் பொருட்கள் பக்கம் திரும்பினார்.

முதலில் கேள்வி, பிறகுதான் டிசைன்

1926-ல் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்துக்காக சானிட்டரி நாப்கின் பற்றி ஆய்வு செய்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதில்கள் வந்தன. வெளியில் பேசவே கூச்சப்பட்ட காலம் அது! வந்த பதில்களை அப்படியே கட்டிக் கொடுக்கவில்லை லில்லியன். உடலுக்கு வசதியா, கறை படாமல் காக்குதா, உடைக்கு மேல் தெரியுதா என்று தேவை வாரியாகப் பிரித்தார். கடையில் இருந்த நாப்கின்களை அதே அளவுகோலில் சோதித்தார். பல பெண்கள் வாங்கியதைத் தாங்களே வெட்டிச் சரிசெய்துதான் பயன்படுத்துகிறார்கள் என்பது தெரியவந்தது. எதை மாற்றணும் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேணும்?

கிச்சனில் அளந்த காலடிகள்

அடுத்து ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்காக 4,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் பேசினார். அடுப்பும் சிங்க்கும் எந்த உயரத்தில் இருந்தால் முதுகு வலிக்காது என்பதுதான் கேள்வி.

1929-ல் புரூக்ளின் எரிவாயு நிறுவனத்துக்காக ஒரு மாதிரி சமையலறையை வடிவமைத்தார். அடுப்பு, மேடை, பொருள் வைக்கும் இடம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஸ்ட்ராபெர்ரி கேக் செய்து பார்த்த சோதனையில், 281 காலடிகள் நடக்க வேண்டிய வேலை வெறும் 45-ல் முடிந்ததாம்!

இதில் ஒரு சுவாரஸ்யம்: லில்லியனுக்குச் சமையல் அவ்வளவாக வராது. சொந்தப் பழக்கத்தை நம்பாமல், தினமும் சமைப்பவர்களின் பதிலையே அவர் அடிப்படையாக வைத்தார்.

தேடி வந்த பெருமை

1935-ல் பர்டூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1965-ல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாடமிக்குத் தேர்வான முதல் பெண்ணும் இவரே. 1972 ஜனவரியில், 93-வது வயதில் காலமானார்.

இன்று ஆப், மிக்ஸி என எதை உருவாக்கினாலும் பயனர்களிடம் முதலில் கேட்டு, பதில்களைத் தேவை வாரியாக அடுக்கிய பிறகே டிசைனைத் தொடங்குகிறார்கள். அதைச் சுமார் நூறு வருடத்துக்கு முன்பே செய்துகாட்டியவர்களில் ஒருவர், வேலை தர ஆளில்லாமல் நின்ற இந்தத் தாய்.