யார் இந்த அக்கிலே காஜ்ஜா? உங்க காபி மெஷினில் ஆவி ஏன் பாலுக்கு மட்டும்?

வீட்டுக்கு எஸ்பிரெசோ மெஷின் வாங்கினவங்க பலர் முதல் நாள் செய்யும் தப்பு ஒண்ணுதான். காபி இறங்கினதும் உடனே ஆவிக் குழாயைத் திறப்பாங்க. நுரைக்குப் பதில் பாலில் வெந்நீர்தான் சொட்டும். இது ஏன்? விடை, மிலானில் காபி பார் நடத்திய ஒருவரின் வாழ்க்கையில் இருக்கிறது.

ஆவியை விலக்கியவர்

அக்கிலே காஜ்ஜா 1895-ல் பிறந்தவர். அவர் காலத்து மெஷின்களில் பாய்லரின் ஆவிதான் நீரைக் காபித்தூள் வழியாகத் தள்ளும். அழுத்தம் சுமார் 1.5 பார் மட்டுமே. அதைக் கூட்டணும்னா சூட்டையும் கூட்டணும். சூடு கூடினா காபியில் தீஞ்ச வாடை வரும்.

ஆவியே இல்லாமல் காபி இறக்கும் முறைக்கு 1938-ல் காப்புரிமை கோரினார் காஜ்ஜா. பிறகு போர் வந்தது. போருக்குப் பின், ஸ்பிரிங்கும் லீவரும் கொண்ட பிஸ்டனை உருவாக்கினார். அழுத்தம் 8, 9 பாருக்கு எகிறியது. கோப்பையின் மேல் பொன்னிற நுரை படர்ந்தது. பழக்கமில்லாத அந்த நுரையைப் பார்த்து வாடிக்கையாளர்கள் முதலில் சந்தேகப்பட்டதாகச் சொல்வார்கள். அவரோ 'கிரெமா' என்ற அந்த நுரையையே தன் மெஷினின் அடையாளமாக்கினார்.

1950-களில் 'ஜில்டா' என்ற அவரது லீவர் மெஷின் வீட்டுச் சமையலறைக்கும் வந்தது. 1961-ல் காஜ்ஜா மறைந்தார். அதே ஆண்டில் ஃபயேமா நிறுவனத்தின் இ61 மெஷின், லீவரின் வேலையை மின்சார பம்ப்பிடம் ஒப்படைத்தது.

நம்ம மெஷினில் என்ன நடக்குது?

காபியை அழுத்துவது இப்போ பம்ப். ஆவியின் வேலை பாலோடு சரி. ஆனா சாதாரண வீட்டு மெஷினில் இரண்டுக்கும் ஒரே பாய்லர். காபிக்கு 90 டிகிரியை ஒட்டிய சூடு போதும். ஆவிக்கு 120-க்கு மேல் வேணும். அதனால்தான் காத்திருக்கணும்.

- ஸ்டீம் பட்டனை அழுத்தி, விளக்கு காட்டும் வரை பொறுங்க.
- தேங்கிய நீரைக் காலிக் கோப்பையில் வெளியேத்துங்க.
- குளிர்ந்த பாலில் குழாய் நுனி மேற்பரப்பை ஒட்டி இருக்கட்டும். சில விநாடி 'ஸ்ஸ்' சத்தம் வரணும்.
- பிறகு நுனியைச் சற்று ஆழமாக்கிப் பாலைச் சுழல விடுங்க. பெரிய குமிழிகள் உடைஞ்சு நுரை மென்மையாகும்.
- பாத்திரத்தைக் கையில் பிடிக்க முடியாத சூடு வந்ததும், அதாவது 60 முதல் 65 டிகிரியில், நிறுத்துங்க.
- குழாயை உடனே துடைச்சு, ஒரு விநாடி ஆவி விடுங்க. இல்லேன்னா பால் உள்ளேயே காய்ந்து அடைச்சுக்கும்.

அடுத்த காபிக்கு முன் கொஞ்சம் நீரை ஓடவிட்டு பாய்லரைக் குளிர வைக்கவும் மறக்காதீங்க. இல்லேன்னா காஜ்ஜா விரட்டிய அந்தத் தீஞ்ச வாடை மறுபடி கோப்பைக்கே வந்துடும்.