நம் பாடற்குழுவின் பெட்டியைத் தந்தவர்

பூசைக்கு முன்னே பாடற்குழுவினர் வந்து அமர்ந்ததும் முதலில் திறக்கப்படுவது ஆர்மோனியப் பெட்டியே. அது ஐரோப்பியக் குருக்கள் கொண்டு வந்த கருவி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். மறுபாதி கல்கத்தாவில் வாழ்ந்த துவாரகாநாத் கோஷ் என்ற வங்காளியாரைச் சேரும். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆயினும் நம் ஆலயங்கள் அவருக்குக் கடன்பட்டவை.

பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் தெபேன் 1842-இல் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம் மேசை போன்றது. நாற்காலியில் அமர்ந்து, காலால் துருத்தியை மிதித்து, இரு கைகளாலும் வாசிக்க வேண்டும். பட்டணத்துப் பேராலயத்துக்கு அது சரி. தரையில் சம்மணமிட்டுப் பாடும் நம்மவருக்கு எப்படி ஒத்துவரும்?

துவாரகாநாத் 1875-இல் கல்கத்தாவில் இசைக்கருவிக் கடை தொடங்கினார். அது 'துவார்கின்' என்ற பெயரால் புகழடைந்தது. அவர் 1884-இல் கையால் வாசிக்கும் ஆர்மோனியத்தை உருவாக்கினார். துருத்தி பெட்டியின் பின்புறம் வந்தது. இடக்கை அதை அசைக்க, வலக்கை கட்டைகளில் ஓடும். ஒருவரே தூக்கிச் செல்லலாம். கடையோடு அவர் நிற்கவில்லை. பாட்டுக்குச் சுரம் எழுதிய நூல்களையும் வெளியிட்டார். ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத்தின் சுரநூல் 1897-இல் அவ்வாறு வெளிவந்தது. தம்பி தாகூருக்கோ ஆர்மோனியமே பிடிக்காது! அதில் சுரங்கள் தனித்தனியே நிற்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் வராது. இக்குறையைச் சொல்லியே அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை விலக்கி வைத்திருந்தது.

வித்துவான்களின் குறை நியாயமானதே. ஆனால் கூட்டமாகப் பாடுகிற எளியவர்களுக்குச் சுருதி பிடித்துக் கொடுக்க அதைப்போல் வேறொன்று இல்லை. நம் நாடக மேடைகளும் அதைக் கைவிடவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தாய்மொழி வழிபாட்டுக்கு வழிதிறந்தபின், தமிழ்ப் பாடல்கள் பெருகிய காலத்தில் இப்பெட்டி எவ்வளவு உழைத்தது! அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில், மழை பொய்த்த ஆண்டிலும் ஆலயத் திருவிழா நிற்பதில்லை. கிளைக் கிராமத்துச் சிற்றாலயத்துக்குப் பெரிய ஆர்கனை யார் கொண்டு போவார்?

இன்று கீபோர்டு வந்துவிட்டது. இளைஞர் விரும்புகின்றனர், விரும்பட்டும். ஆனால் திருப்பண்ட அறையில் பழைய பெட்டி கிடந்தால், எலி துருத்தியைக் கடிக்குமுன் வெளியே எடுத்துப் பழுது பாருங்கள். மின்சாரம் நின்ற இரவில் செபமாலைக்குப் பின் பாட அது வேண்டும்.